டல்லாஸில் இறங்கிய வெள்ளிக்கிழமைகள்

ஈஸ்ட் பிரன்ஸ்விக்
11 ஜூன் 2000

ஷ்யாமளா கண்ணுக்கு அத்தை எழுதுவது.

நீயும் தென்றலும் சுகமா என்று கேட்க வாய் வருகிறது. கேட்டால் நீ "ம்" என்பாய். போனில் அப்படித்தான் நடக்கிறது. நான் பேச ஆரம்பித்ததும் குழந்தை கையில் போனைக் கொடுத்துவிட்டு நீ மாடிக்குப் போய்விடுகிறாய். அது "ஹாய் பாட்டி, பை பாட்டி" என்று வைத்துவிடுகிறது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். இதைக் குழந்தை கையில் கொடுக்க முடியாது பார்.

இங்கே உன் நாத்தனாரும் மாப்பிள்ளையும் காலையில் ஆளுக்கொரு காரில் போனால் இருட்டின பிறகுதான் வருகிறார்கள். பேரன்கள் ஸ்கூல் விட்டு வந்ததும் டிவி முன்னால் உட்கார்ந்துகொள்கிறார்கள். என்ன சாப்பிடுகிறாய் என்று தமிழில் கேட்டால், வேண்டாம் என்று இங்கிலீஷில் சொல்கிறார்கள். பகல் முழுக்க இந்த வீட்டில் பிரிட்ஜ் ஒன்றுதான் சத்தம் போடுகிறது.

உன் வீட்டை விட்டு இங்கே வந்ததிலிருந்து, என் பையன் கதிரு வாரா வாரம் வேலைக்காக வந்து தங்கின அறையில்தான் எனக்குப் படுக்கை. அலமாரியில் அவன் கோட்டு மாட்டுகிற கம்பி ஒன்று வெறுமனே தொங்குகிறது. அதில் என் புடவையை மாட்ட மனசு வரவில்லை. மடித்து நாற்காலி மேல் வைத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்டில் அவனுக்கு வருஷத் திதி. நீ சான் ஹோசேயில்தான் கொடுப்பாய். என்னை வா என்றும் நீ சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. நான் வருகிறேன். பெற்றவள் இல்லாமல் திதி கொடுத்தால் நன்றாக இருக்காது.

பதினாறாம் நாள் காரியத்தில் நாம் பேசிக்கொண்டதை நான் மறக்கவில்லை, நீயும் மறந்திருக்க மாட்டாய். "என்ற கையில சாப்பிட்டாத்தான் என்ற பையனுக்கு வயிறு நெறையும்" என்றேன். "உங்க சாப்பாட்ட அவர் ஒரு வாய் பேருக்குத் தொடுவார், எங்கூட உட்கார்ந்துதான் சாப்பிடுவார்" என்றாய். வந்திருந்த ஆண்ட்டிகள் எல்லாம் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை. "நீங்க வந்து வீட்ட ரெண்டாக்கினதாலதான் அவர் வீட்டுக்கு வராம பார்க்குல போய் நின்னார்" என்றாய்.

அந்தப் பார்க்கைத்தான் நான் பார்க்க வேண்டும். டிக்கெட் டல்லாஸ் வழியாகத்தான் கிடைக்கிறது. திரும்பி வரும்போது அங்கே ஐந்து மணி நேரம் நிற்க வேண்டுமாம். அவனோடு விளையாடின அந்த அல்தாப் தம்பியின் போன் நம்பர் உன்னிடம் இருக்கும். எனக்கு எழுதி அனுப்பு. அவன் உயிர் போன இடத்தில் கொஞ்சம் பால் தெளிக்க வேண்டும். ஏன் அங்கே இறங்கினான் என்று கேட்கவும் வேண்டும்.

குழந்தைக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா?

வசந்தாமணி


சான் ஹோசே
25 ஜூன் 2000

அத்தைக்கு,

உங்கள் லெட்டர் வந்தது. திதிக்கு வாருங்கள். வராதீர்கள் என்று நான் எப்போதும் சொன்னதில்லை. ஒரு வாரம் லீவு போட்டிருக்கிறேன். வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள், அவர்கள் முன்னால் பழையதைப் பேச வேண்டாம். நானும் பேச மாட்டேன்.

அல்தாப் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். ஒரு வருஷமாக அவர் கூப்பிடும்போதெல்லாம் நான் எடுக்கவில்லை. ஏன் என்று நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

அன்றைக்கு மத்தியானம் டெக்சஸிலிருந்து போலீஸ் போன் பண்ணினார்கள். பார்க்கில் விழுந்துவிட்டார் என்றார்கள். நான் வேறு ஆளாக இருக்கும் என்றுதான் சொன்னேன். என் புருஷன் ஏர்போர்ட்டில் இருப்பார், அடுத்த ஃப்ளைட்டுக்குக் காத்திருப்பார், பார்க்குக்கு ஏன் போகிறார் என்று அந்த ஆளோடு சண்டை போட்டேன். பிறகுதான் அவர் பையைக் கொடுத்தார்கள். லேப்டாப்புக்குப் பக்கத்தில் கலர் கலராக பிளாஸ்டிக் தட்டுகள். டிஸ்க் கோல்ஃப். கம்பத்தில் சங்கிலி கட்டின கூடை இருக்கும், தூரத்திலிருந்து தட்டை எறிந்து அதில் விழ வைக்க வேண்டும். கல்யாணமாகி ஏழு வருஷம், அவர் இதை விளையாடுவார் என்று எனக்குத் தெரியாது.

அதுகூடப் பரவாயில்லை. அவருக்கு டிக்கெட் போடுகிற டிராவல்ஸ்காரப் பெண்ணிடம் பேசினேன். டல்லாஸில் இறங்கின ஒரு மணி நேரத்தில் சான் ஹோசேக்கு ஒரு ஃப்ளைட் இருக்கிறது. அவள் எப்போதும் அதைத்தான் முதலில் சொல்வாளாம். இவர்தான், "வேண்டாம், அதற்கு அடுத்தது போடுங்கள்" என்று கேட்டு வாங்குவாராம். நாலு மணி நேரம் கழித்துக் கிளம்புகிற ஃப்ளைட். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும். எங்களிடம் கனெக்‌ஷன் அப்படித்தான் கிடைக்கிறது என்பார்.

டாக்டர் சொன்னதை உங்களிடம் அப்போதே சொன்னேன். பிறவியிலேயே இதயத்தில் இருந்த கோளாறு, எங்கே இருந்தாலும் ஒருநாள் நடந்திருக்கும். யார் மேலும் தப்பு இல்லை. நான் கேட்பது அதை இல்லை. அஞ்சு நாள் எங்களைப் பார்க்காமல் இருந்த மனுஷன், ஏன் இன்னும் மூணு மணி நேரம் கேட்டு வாங்கினார்? வீட்டுக்கு வரப் பிடிக்கவில்லையா? என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லையா? திதி அன்றைக்கு இலை போட்டு வைத்து, வந்து சாப்பிடுங்கள் என்று நான் யாரைக் கூப்பிடுவது? வர இஷ்டமில்லாமல் நின்றவரையா?

நீங்கள் போய்க் கேளுங்கள். கேட்டதை அப்படியே எழுதுங்கள். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று மாற்றி எழுத வேண்டாம்.

எண்ணெய் வைக்கிறேன்.

ஷ்யாமளா


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
18 ஆகஸ்ட் 2000

ஷ்யாமளா கண்ணுக்கு,

வந்து சேர்ந்தேன். உன் வீட்டில் இருந்த அந்த நாட்களில் நாம் இரண்டு பேரும் பேசினது எல்லாம் "தேங்காய் எங்கே", "குத்துவிளக்கு எங்கே" என்பதுதான். நீ சொன்னபடி நானும் பழையதை எடுக்கவில்லை. இலை போட்டபோது நீ கதவுப் பக்கம் திரும்பி நின்றதை மட்டும் பார்த்தேன்.

டல்லாஸில் நடந்ததை இப்போது எழுதுகிறேன். மாற்றி எழுதாதே என்றாய். எனக்கு மாற்றி எழுதுகிற அளவுக்குக் கெட்டிக்காரத்தனம் இல்லை.

எனக்கு நடக்க முடியாது என்று சொல்லி உன் நாத்தனார் சக்கர நாற்காலி கேட்டிருந்தாள், உனக்குத் தெரியும். காலில் ஒன்றுமில்லை, இங்கிலீஷ் இல்லை, அவ்வளவுதான். நாற்காலியில் உட்கார்ந்தால் வழி கேட்க வேண்டியதில்லையாம். இந்த ஊருக்கு வருகிற அம்மாக்கள் எல்லாரும் இப்படி நொண்டிகளாகத்தான் வருகிறோம். டல்லாஸில் ஒரு வாட்டசாட்டமான பெண் என்னைத் தள்ளிக்கொண்டு வந்து அடுத்த விமானத்துக் கதவு முன்னால் நிறுத்திவிட்டு, போர்வையெல்லாம் போர்த்திவிட்டாள். அங்கேயே அல்தாப் நின்றுகொண்டிருந்தான். "அம்மா, நான்தான்" என்றான். நான் போர்வையை மடித்து வைத்துவிட்டு எழுந்து அவனோடு விடுவிடுவென்று நடந்தேன். அந்தப் பெண் வாயைப் பிளந்தாள் பார். என்னமோ சொன்னாள். "என்னப்பா சொல்றா?" என்றேன். "அற்புதம் நடந்துருச்சுங்கறாம்மா" என்றான். அவன் சிரித்துவிட்டு உடனே முகத்தை மாற்றிக்கொண்டான். சிரிக்கலாமா கூடாதா என்று அவனுக்குத் தெரியவில்லை, பாவம்.

அவனுக்கு ஊர் பள்ளப்பட்டி. முன்னே சான் ஹோசேயில் கதிரோடு ஒரே ஆபீஸாம். கல்யாணம் ஆனதும் டல்லாஸுக்கு வந்துவிட்டானாம். வழியில் ஒரு கடையில் நிறுத்தி சின்ன டப்பா பால் வாங்கிக் கொடுத்தான். பார்க்குக்குக் காரில் கொஞ்ச நேரம்தான்.

வெயில் என்றால் வெயில். புல்லெல்லாம் காய்ந்து கிடக்கிறது. மரம் இருக்கிறது, ஆனால் தள்ளித் தள்ளி. கூடைகள் அங்கங்கே நிற்கின்றன. ஒன்றில் எறிந்தால் அடுத்தது எங்கே என்று தேடிக்கொண்டு நடக்க வேண்டும். பதினெட்டு கூடை. நடக்கிற ஆட்டம்தான் அது, எறிவது நடுநடுவில்.

விழுந்த இடத்தைக் காட்டினான். ஒரு மரத்துக்குக் கிட்டே. அங்கே ஒன்றுமில்லை ஷ்யாமளா. மண்ணும் சருகும்தான். என்னமோ இருக்கும் என்று நினைத்து அத்தனை தூரம் போனேன். பாலை மரத்தடியில் ஊற்றினேன். மண் உடனே குடித்துவிட்டது. பின்னால் தொப்பி போட்ட பெரிய ஆள் ஒருவர் கையில் தட்டோடு வந்துகொண்டிருந்தவர், நாங்கள் நின்றதைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெயிலிலேயே நின்றார். நான் முடிக்கிற வரைக்கும் நின்றார். கடைசியில் அல்தாப்பிடம் என்னமோ சொல்லி ஒரு தட்டை என்னிடம் நீட்டினார். "உங்களையும் ஒண்ணு எறியச் சொல்றாரும்மா" என்றான். எறிந்தேன். முன்னால் போவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் போய்ப் புதருக்குள் விழுந்தது. "உங்க பையனும் இப்படித்தாம்மா எறிவான், பாதி நேரம் தட்டத் தேடறதுலயே போயிரும்" என்றான்.

அப்போதுதான் கேட்டேன். "இத்தன மோசமா ஆடறவன் எதுக்குப்பா வாராவாரம் இங்க எறங்குனான்? வீட்டுக்குப் போகப் புடிக்கலையா? நெசத்தச் சொல்லு. என்ற மருமக கேட்டனுப்பியிருக்கறா."

அவன் புதருக்குள் குனிந்து தட்டை எடுத்துக்கொண்டு வந்தான். பிறகு சொன்னான். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நானும் கேட்டிருக்கேம்மா. ஏண்டா, ஒரு மணி நேரத்துல ஃப்ளைட் இருக்கு, போய்ச் சேர வேண்டியதுதானே, இந்த வெயில்ல எதுக்குச் சாகறேன்னு கேட்டேன். அந்த வார்த்தைய அன்னைக்கு நான் சொல்லியிருக்கக் கூடாது. அவன் சிரிச்சுட்டே சொன்னான். 'மச்சான், வீட்டுக்குப் போனதும் அம்மா அரிசிம்பருப்புச் சாதம் வெச்சிட்டு நிப்பாங்க. புள்ள தூங்கினதும் ஷ்யாமளா சப்பாத்தி போடுவா. ஒருத்தர்கிட்ட வயிறு நெறைய சாப்பிட்டது இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாது. அஞ்சு நாளா சேர்ல உட்கார்ந்திருந்த வயித்துக்கு ரெண்டும் எறங்குமா? ஒரு ரவுண்டு சுத்தினாத்தான் எறங்கும்.' இதாம்மா சொன்னான். என் வீட்டுக்காரி முனவ்வரா பிரியாணி பண்ணி அனுப்புவா, தொடமாட்டான். காலையில இருந்தே ஒண்ணும் சாப்பிட மாட்டான். ஒரு நாள் மழை. பார்க்குக்கு வர முடியல. ஏர்போர்ட்டுக்குள்ளயே இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் பையை இழுத்துக்கிட்டு நடந்தான்."

அவ்வளவுதான் ஷ்யாமளா. வேறொன்றும் இல்லை.

அவன் என்னைக் கொண்டுவந்து விட்டான். அந்தப் பெண் மறுபடி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை நான் உட்காரவில்லை. விமானத்தில் சாப்பாட்டுத் தட்டு வைத்தார்கள். அதுவரைக்கும் வராத அழுகை அப்போது வந்தது. பக்கத்தில் இருந்தவர் சாப்பாடு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று தன்னுடைய பிஸ்கட்டைக் கொடுத்தார்.

வசந்தாமணி


சான் ஹோசே
2 செப்டம்பர் 2000

அத்தைக்கு,

லெட்டரைப் படித்தேன். எத்தனை தடவை என்று தெரியாது.

முதலில் நம்பவில்லை. வயசானவர் மனசு நோகக் கூடாது என்று அல்தாப் கட்டிச் சொன்ன கதை என்று நினைத்தேன். நேற்று அவருக்குப் போன் பண்ணினேன். அவர் மனைவி எடுத்தார். நான் யார் என்று சொன்னதும், "எங்க வீட்டுல அண்ணன் ஒரு வாய் சாப்பிட்டதில்ல, உங்க வீட்டு சாப்பாடு அப்படி என்ன சாப்பாடுன்னு கேட்பேன்" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

உங்களுக்கு இது ஆறுதலாக இருக்கலாம். எனக்கு இல்லை. வீட்டுக்கு வரப் பிடிக்காமல் நின்றார் என்று ஒரு வருஷம் அவர் மேல் கோபமாக இருந்தேன். கோபம் ஒரு துணை மாதிரி இருந்தது, அத்தை. ஆபீஸுக்குப் போகும்போது, டேகேரில் தென்றலை விடும்போது, ராத்திரி கதவைப் பூட்டும்போது. இப்போது அதுவும் இல்லை. வெறும் வயிற்றோடு வெயிலில் நடந்தவரைத்தான் நினைக்க வேண்டியிருக்கிறது. எங்களுக்காக நடந்திருக்கிறார்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? "ஷ்யாமளா, அம்மாகிட்ட சாப்பிட்டுட்டேன், எனக்கு ஒண்ணு போதும்" என்று. நான் என்ன அவரைக் கொன்றா போட்டிருப்பேன்?

கொஞ்ச நாள் எழுதாதீர்கள். நானும் எழுதவில்லை.

ஷ்யாமளா


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
12 செப்டம்பர் 2000

ஷ்யாமளா கண்ணுக்கு,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும். நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்கிறாய். சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? சப்பாத்தியைக் கல்லிலிருந்து எடுக்காமலே அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்குப் போயிருப்பாய். என்னிடம் சொல்லியிருந்தால்? "ஓ, இப்ப என்ற சோறு கசக்குதாக்கும்" என்று பாத்திரத்தைத் தொட்டியில் போட்டிருப்பேன். நம் இரண்டு பேரையும் அவனுக்குத் தெரியும்.

நான் போட்டதைச் சாப்பிடும்போது அவன் உட்காரவே மாட்டான். பிரிட்ஜில் சாய்ந்து நின்றுகொண்டு சாப்பிடுவான். விமானத்தில் உட்கார்ந்து இடுப்பு வலிக்கிறது என்பான். நின்றால் கொஞ்சம் கூடுதலாக இறங்கும் என்று இப்போதுதான் எனக்குத் தோன்றுகிறது. உன்னிடம் உட்கார்ந்து சாப்பிட்டானா? அப்படியென்றால் உட்கார்ந்த சாப்பாடு உன்னுடையது.

பதினாறாம் நாள் நான் சொன்னதும் நிஜமில்லை, நீ சொன்னதும் நிஜமில்லை. அவன் இரண்டு இடத்திலும் சாப்பிட்டிருக்கிறான். நீயும் ஜெயிக்கவில்லை, நானும் ஜெயிக்கவில்லை, ஆனால் எத்தனை பேர் முன்னால் எப்படிக் கத்தினோம்! அந்த ஆண்ட்டிகளுக்கெல்லாம் இதை எப்படிப் போய்ச் சொல்வது?

இங்கே குளிர ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளைக்குக் கொலஸ்ட்ராலாம், நெய் கூடாது. பேரன்கள் பீட்ஸா. உன் நாத்தனார் நின்றுகொண்டே ஏதோ கொறித்துவிட்டுப் போகிறாள். எனக்கு மட்டும் ஒரு கை அரிசி போட்டுப் பொங்குகிறேன். யாருக்கும் போட்டி இல்லாத சமையல். ருசியே இல்லை கண்ணு.

நீ எழுதும் வரைக்கும் இனி எழுத மாட்டேன்.

வசந்தாமணி


சான் ஹோசே
7 அக்டோபர் 2000

அத்தை,

நேற்று வெள்ளிக்கிழமை. சீக்கிரம் வீட்டுக்கு வந்து அரிசிம்பருப்புச் சாதம் வைத்தேன். நீங்கள் எத்தனை விசில் வைப்பீர்கள் என்று தெரியாது, குழைந்துவிட்டது. பூண்டைத் தட்டிப் போட வேண்டுமா, முழுசாகவா? தென்றல் ஒரு வாய் வைத்துவிட்டு, "நாட் லைக் பாட்டி'ஸ்" என்றாள். ஆனால் சாப்பிட்டாள்.

அவளைத் தூங்க வைத்துவிட்டு சப்பாத்தியும் போட்டேன். இரண்டையும் மேஜை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முழுசாகச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. காலையிலிருந்து நானும் ஒன்றும் சாப்பிடவில்லை.

முடியவில்லை, அத்தை. சாதத்தை முடித்தபோதே நெஞ்சு வரைக்கும் நிறைந்துவிட்டது. முதல் சப்பாத்தியைப் பிய்த்து வாயில் வைத்து மென்றுகொண்டே இருந்தேன், உள்ளே போகவில்லை. நீங்கள் சொன்னது நினைவு வந்து எழுந்து பிரிட்ஜில் சாய்ந்து நின்றேன். அப்போதும் போகவில்லை.

எனக்கு நினைவு இருக்கிறது. என்னோடு சாப்பிடும்போது அவர் தண்ணீர் குடிக்க மாட்டார். "இன்னொண்ணு போடட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்ப்பார், பிறகு "போடு" என்பார். ஆசையாகக் கேட்கிறார் என்று நினைத்தேன். ஆசையாகத்தான் கேட்டிருக்கிறார்.

மீதியைக் கொட்ட மனசில்லாமல் மூடி வைத்தேன். மேஜையிலேயே உட்கார்ந்திருந்தேன். இந்த வீட்டில் பேசுவதற்கு ஆள் இல்லை. அவரைப் பற்றி இந்த ஊரில் நான் யாரிடம் போய் இதைச் சொல்ல முடியும்? சொன்னால் சிரிப்பார்கள். ரெண்டு சாப்பாடு சாப்பிட்டாரா என்பார்கள். இது புரிகிற ஒரே ஆள் நியூ ஜெர்சியில் உட்கார்ந்து ஒரு கை அரிசி பொங்கிக்கொண்டிருக்கிறார்.

நவம்பர் மூணாம் தேதி வெள்ளிக்கிழமைக்கு உங்களுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். நாத்தனாரிடம் போனில் சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம்தான், பரவாயில்லை. டல்லாஸ் வழி இல்லை. சான் பிரான்சிஸ்கோவுக்கு நேராக வருகிற விமானம், நடுவில் எங்கும் நிற்காது. நானே காரில் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட்டில் எழுதச் சொல்லவில்லை, நீங்கள் இறங்குகிற கதவிலேயே நிற்பேன்.

விமானத்தில் கொடுப்பதைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

ஷ்யாமளா